மார்ச்சிங் பேண்ட் போட்டிக்கு வாலண்டியரா போற அப்பா அம்மாவுக்கு முழுமையான வழிகாட்டி (டெக்சாஸ்ல இருக்கவங்களுக்கு)

பையனோ பொண்ணோ ஆறாங்கிளாஸ்ல க்ளாரினெட்டையோ ட்ரம்பெட்டையோ கையில எடுத்து, மிடில் ஸ்கூல் முடிச்சு, இப்ப ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்ட்ல (மைதானத்துல அணிவகுத்து நடந்துக்கிட்டே வாசிக்கற குழு) சேந்தாச்சு. ஆகஸ்ட்ல பேண்ட் கேம்ப் தொடங்கின நாள்ல இருந்து பூஸ்டர் கிளப் (பேண்டுக்கு உதவற அப்பா அம்மாங்க சங்கம்) ஈமெயில் வந்துக்கிட்டே இருக்கும், சாப்பரோன் (பசங்களோட கூட போற பெரியவங்க) வேணும், பிட் க்ரூ (பெரிய வாத்தியங்கள தள்ளறவங்க) வேணும், ப்ளூம் டீமுக்கு (தொப்பில இறகு சொருகறவங்க) ஆள் வேணும்னு. டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் நம்மாளுங்க பசங்க பேண்ட்ல நிறையவே இருக்காங்க, ஆனா வாலண்டியர் லிஸ்ட்ல நம்மாளுங்க பேரு கம்மியாதான் இருக்கும். காரணம் சோம்பேறித்தனம் இல்ல. நாம படிச்ச ஸ்கூல்ல இப்படி ஒரு விஷயமே கிடையாது, அதனால அங்க போய் நின்னா என்ன பண்ணணும்னே தெரியாது, தெரியாம போய் நடுவுல நிக்கறத விட டிக்கெட் வாங்கி மேல உக்காந்து பாத்துடலாம்னு விட்டுடறோம். அந்த தயக்கத்த போக்கத்தான் இத இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஒண்ண மட்டும் முதல்லயே மனசுல ஏத்திக்கோங்க. போட்டி நாள்ல நடக்கற எல்லாமே ஷோ டைம்ல இருந்து பின்னாடி எண்ணி வெச்சது. சாப்பாடு, பாத்ரூம், யூனிஃபார்ம், வண்டி இறக்கறது எல்லாம் அந்த ஒரு நேரத்துக்காகத்தான். நாம எடுத்த வேலை எந்த நிமிஷத்துக்குள்ள முடியணும்னு தெரிஞ்சா போதும், பாதி பயம் போயிடும்.

போட்டின்னா என்ன, யாரு நடத்தறாங்க

டெக்சாஸ்ல ரெண்டு வகை பேரு அடிக்கடி காதுல விழும். ஒண்ணு யூ.ஐ.எல். இது மாநிலத்து பப்ளிக் ஸ்கூல் போட்டிகள நடத்தற அமைப்பு, ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யூனிவர்சிட்டில இருந்து உருவானது. ரீஜியன், ஏரியா, ஸ்டேட்னு படிப்படியா போகும். ரீஜியன்ல 1-ல இருந்து 5 வரைக்கும் ரேட்டிங் குடுப்பாங்க, 1-தான் உச்சம், அது கிடைச்சா ஏரியாவுக்கு தகுதி. ஸ்டேட் போட்டி சான் அன்டோனியோ அலமோடோம்ல நடக்கும். இன்னொண்ணு பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமா பி.ஓ.ஏ., இண்டியானாபோலிஸ்ல இருக்கற மியூசிக் ஃபார் ஆல் அமைப்போடது. அதுல ரீஜியனல், சூப்பர் ரீஜியனல், கடைசியா நவம்பர்ல கிராண்ட் நேஷனல்ஸ், அது 2008-ல இருந்து லூகஸ் ஆயில் ஸ்டேடியத்துல. அங்க ப்ரிலிம்ஸ், செமி, ஃபைனல்ஸ்னு மூணு சுத்து, ஃபைனல்ஸ்ல 12 பேண்ட். 2019-ல ஆஸ்டின் பக்கத்து வேண்டெக்ரிஃப்ட் ஹைஸ்கூல் அத ஜெயிச்சது, அதுக்கப்புறம் இந்த ஏரியா பசங்களுக்கு கிராண்ட் நேஷனல்ஸ் கனவு இன்னும் கிட்ட வந்துடுச்சு.

இது தவிர பக்கத்து ஐ.எஸ்.டி. (அந்த ஊர் ஸ்கூல்கள நடத்தற நிர்வாகம்) நடத்தற சின்ன சின்ன இன்விடேஷனல் போட்டிங்க சனிக்கிழமை சனிக்கிழமை இருக்கும். புதுசா வர்றவங்க அங்கதான் ஆரம்பிக்கணும்னு நான் சொல்வேன், கூட்டம் கம்மி, தூரம் கம்மி, ஏதாச்சும் புரியலன்னா நின்னு கேக்க நேரம் இருக்கும்.

ஒரு பேண்டுக்கு பொதுவா 15 நிமிஷம்தான் ஒதுக்குவாங்க. உள்ள வந்து, ஜாமான் எல்லாம் வெச்சு, ஷோ பண்ணி, மொத்தமா காலி பண்ணி வெளிய போகணும். யூ.ஐ.எல்.ல ஷோ அதிகபட்சம் 8 நிமிஷம். அதுவும் போக ஸ்கூல் தொறந்ததுக்கு அப்புறம் கிளாஸ் நேரத்துக்கு வெளிய வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல ரிஹர்சல் வெக்கக்கூடாதுன்னு யூ.ஐ.எல். விதி இருக்கு. ஆக பசங்க ஆகஸ்ட்ல இருந்து அளந்து அளந்து செலவு பண்ண நேரம் எல்லாம் அந்த 8 நிமிஷத்துல வந்து நிக்குது. டைரக்டர் ஏன் ஒரு நிமிஷ தாமதத்துக்கு அவ்வளவு பதறுறாருன்னு இத தெரிஞ்சுக்கிட்டா புரியும்.

படி 1: பேப்பர் வேலைய ஆகஸ்ட்லயே முடிங்க

ஐ.எஸ்.டி. வெப்சைட்ல வாலண்டியர் ஃபார்ம் இருக்கும், பேக்ரவுண்ட் செக் அதுலதான். ஒவ்வொரு ஸ்கூல் வருஷமும் புதுசா போடணும், போன வருஷம் போட்டது செல்லாது. அப்ரூவல் வர சில நாள் ஆகும், போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி போட்டா வராது, அப்புறம் சாப்பரோன் பஸ்ல ஏத்த மாட்டாங்க. கடைசி நேரத்துல "எனக்கு மட்டும் எப்படியாவது"னு கேட்டா அந்த கோஆர்டினேட்டர் அம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது, அவங்களும் நம்மள மாதிரி ஆபீஸ் வேலைக்கு நடுவுல இத பாக்கறவங்கதான்.

எச்-4 விசால (எச்-1பி வேலை விசால இருக்கவங்களோட குடும்பத்துக்கு தர்றது) இருக்கவங்க நிறைய பேர் கேக்கற கேள்வி, இதுல பிரச்சனை வருமான்னு. சம்பளமோ வேற எந்த கைமாறோ இல்லாம ஸ்கூலுக்கும் லாப நோக்கமில்லாத பூஸ்டர் கிளப்புக்கும் பண்ற சேவை, யாருக்குமே சம்பளம் குடுக்காத வேலை, இது வேலைவாய்ப்பு கணக்குல வராது. ஆனா வேலைக்கு பதிலா கிஃப்ட் கார்டு, ஃபீஸ்ல கழிவுன்னு ஏதாச்சும் குடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. சந்தேகம் இருந்தா உங்க வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

படி 2: எந்த வேலை உங்களுக்கு சரி வரும்

சைன்-அப் லிங்க் வந்த உடனே கண்ண மூடிக்கிட்டு முதல்ல இருக்கறத க்ளிக் பண்ணாதீங்க. ஒவ்வொண்ணும் வேற மாதிரி வேலை.

சாப்பரோன்னா பஸ்ல பசங்களோட போய் ராத்திரி திரும்பி வர்ற வரைக்கும் கூடவே இருக்கணும். பொறுமை வேணும், கூட்டத்த எண்ணத் தெரியணும். கைக்குழந்தையோ சின்ன பிள்ளையோ வீட்ல இருந்தா இது ஒத்து வராது, நாள் முழுக்க போயிடும்.

பிட் க்ரூ, ப்ராப் (ஷோவுக்கு ஃபீல்டுல வெக்கற பெரிய தட்டி, மேடை) க்ரூ உடம்பு வேலை. தள்ளணும், தூக்கணும், ஓடணும். முதுகு வலி இருக்கவங்க வேண்டாம். ஆனா ஃபீல்டுக்கு உள்ள போய் பசங்க பக்கத்துல நிக்கற பாக்கியம் இவங்களுக்குத்தான்.

யூனிஃபார்ம் டீம், ப்ளூம் டீம்: கை நிதானமா இருக்கணும், ஊசி நூல் பிடிக்கத் தெரிஞ்சா உங்கள தலைல வெச்சுக்குவாங்க.

சாப்பாடு டீம், தண்ணி டீம்: நேரத்துக்கு இருந்தா போதும், எந்த அனுபவமும் வேண்டாம். ட்ரெய்லர் ஓட்டறது, ஜெனரேட்டர் பாக்கறது, ப்ராப் கட்டறது இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு. வெல்டிங்கோ மரவேலையோ எலக்ட்ரிக்கல் வேலையோ தெரிஞ்ச அப்பா யாராச்சும் இத படிச்சா தயவு செஞ்சு போய் பேரு குடுங்க, ஜூலைல இருந்தே உங்களத்தான் தேடிட்டு இருப்பாங்க.

எடுத்த வேலைய சீசன் முழுக்க அதையே பண்ணுங்கன்னுதான் நான் சொல்வேன். ஒரு வாரம் தண்ணி, ஒரு வாரம் ப்ளூம்னு மாத்திட்டே இருந்தா ஒவ்வொரு வாரமும் புது ஆள் மாதிரிதான் இருப்பீங்க, சொல்லிக் குடுக்கறதுக்கே ஒருத்தர் தேவைப்படும்.

படி 3: ஐட்டினரிய கையில வெச்சு பின்னாடி எண்ணுங்க

புதன் வியாழன் வாக்குல டைரக்டர்கிட்ட இருந்து ஐட்டினரி (அன்னிக்கு எது எத்தன மணிக்குன்னு போட்ட அட்டவணை) வரும். அதுல முதல்ல ஷோ டைம பாருங்க. உதாரணத்துக்கு ஷோ 4:15-ன்னா, 4 மணிக்கு கேட்ல நிக்கணும், 3:15 வாக்குல வார்ம்-அப், அதுக்கு முன்னாடி உடம்ப நீட்டி மடக்கி மார்ச் பண்ற விஷுவல் பிளாக், 2 மணிக்கு யூனிஃபார்ம், 1 மணிக்கு சாப்பாடு, 12:30-க்கு ட்ரக் இறக்கணும், பஸ் 11 மணிக்கு கிளம்பணும், அப்ப ட்ரக் ஏத்தறது காலைல 8 மணிக்கு. நம்ம கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு பின்னாடி எண்ற மாதிரியேதான், ஆனா இங்க வார்ம்-அப் இடத்துல உங்களுக்கு அடுத்து இன்னொரு பேண்ட் காத்துட்டு இருக்கும், அஞ்சு நிமிஷம் கூட தர மாட்டாங்க.

உங்க வேலை எந்த நேரத்துல ஆரம்பிச்சு எந்த நேரத்துல முடியுதுன்னு போன்ல அலாரம் வெச்சுக்கோங்க. சொன்ன நேரத்துக்கு 15 நிமிஷம் முன்னாடி போய் நில்லுங்க. இதுல மட்டும் நம்மூர் கணக்கு வேண்டவே வேண்டாம்.

எடுத்துட்டு போக வேண்டியது: மூடுன ஷூ (செருப்போட ப்ராப் தள்ள விடமாட்டாங்க), தொப்பி, சன்ஸ்க்ரீன், வேலை கையுறை, சின்ன டார்ச், மழை ஜாக்கெட், தண்ணி பாட்டில், போன் சார்ஜர். குடை வேண்டாம், கூட்டத்துல கண்ண குத்தும். பெரிய ஸ்டேடியத்துல ஹேண்ட்பேக் உள்ள விட மாட்டாங்க, 12 இன்ச் 6 இன்ச் 12 இன்ச் அளவுக்குள்ள கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் பைதான் அனுமதி. பூஸ்டர் டி-ஷர்ட் இருந்தா அதையே போடுங்க, பசங்களுக்கு அவசரத்துல யார கூப்பிடறதுன்னு கலர வெச்சுத்தான் தெரியும்.

படி 4: பஸ், எண்ணிக்கை

சாப்பரோன் வேலைல முக்கியமானது எண்றதுதான். பஸ் நகர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எண்ணணும், லிஸ்ட்ல பேரு கூப்பிட்டு, குரல் மட்டும் கேட்டா பத்தாது, முகத்த பாத்து டிக் அடிக்கணும். ரெண்டு சாப்பரோன் இருந்தா ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணி, நம்பர் ஒத்துப் போனாத்தான் டிரைவர்கிட்ட கிளம்பலாம்னு சொல்லணும். "இல்ல ஆண்ட்டி, அவ அடுத்த பஸ்ல இருக்கா"ன்னு ஃப்ரெண்டு சொல்றத நம்பி டிக் போடாதீங்க, அடுத்த பஸ் சாப்பரோனுக்கு மெசேஜ் போட்டு உறுதி பண்ணிக்கோங்க.

உங்க பிள்ளை இருக்கற பஸ்ல உங்கள போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்னு எடுத்துக்கோங்க. பஸ்ல ஏறிட்டா நீங்க அம்பது பிள்ளைங்களுக்கு சாப்பரோன், உங்க பொண்ணு பக்கத்துல போய் உக்காந்து முடிய சரி பண்ணி விட்டா அவளுக்கும் சங்கடம், மத்த பசங்களுக்கும் யாரு பாக்கறான்னு ஆயிடும்.

மருந்து விஷயத்துல ரொம்ப கவனம். தலைவலின்னு ஒரு பிள்ளை வந்தா நம்ம பைல இருக்கற டைலனால குடுத்துடக்கூடாது. பெத்தவங்க கையெழுத்து போட்ட மெடிக்கல் ஃபார்ம் எல்லாம் ஒரு பைண்டர்ல டைரக்டரோ நர்ஸோ வெச்சிருப்பாங்க, அதுல இருக்கற படி அவங்கதான் குடுப்பாங்க. யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வேர்க்கடலை அலர்ஜி, யாருகிட்ட எபிபென் (அலர்ஜிக்கு அவசரமா போடற ஊசி) இருக்குன்னு உங்ககிட்ட சொல்வாங்க, அது உங்களோட நிக்கணும், வாட்ஸ்அப் குரூப்புக்கு போகக்கூடாது.

படி 5: யூனிஃபார்ம் போட்டதுக்கு அப்புறம்

அடியில டி-ஷர்ட், ஷார்ட்ஸ், முழங்கால் வரைக்கும் கருப்பு சாக்ஸ், மேல பிப்புன்னு சொல்ற, தோள்ல மாட்டற பட்டை வெச்ச கால்சட்டை, அதுக்கு மேல ஜாக்கெட், கையில கிளவுஸ், தலைல ஷாகோங்கற உயரமான தொப்பி. பல ஜாக்கெட்டுக்கு ஜிப் முதுகு பக்கம் இருக்கும், பசங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டு விடுவாங்க, ஜிப் சிக்கிக்கிட்டா அங்கதான் நம்ம வேலை. வேகமா இழுத்தா பல்லு போயிடும். ஜிப்ப கொஞ்சம் கீழ இறக்கி, சிக்கின துணிய பக்கவாட்டுல மெதுவா விடுவிச்சு, அப்புறம் ஒரு கையால அடிப்பக்கத்த இறுக்கி பிடிச்சுக்கிட்டு மேல ஏத்துங்க. பையில எப்பவும் சேஃப்டி பின், ஹேர் பின், கருப்பு நூல் கோத்த ஊசி, கருப்பு ரப்பர் பேண்ட், கூடுதலா ரெண்டு ஜோடி கருப்பு சாக்ஸ் வெச்சிருங்க. யாராச்சும் ஒரு பிள்ளை வெள்ளை சாக்ஸோட வந்து நிக்கும், எல்லா போட்டிலயும் நடக்கும்.

யூனிஃபார்ம் போட்டாச்சுன்னா தண்ணிய தவிர எதுவும் குடிக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. சிவப்பு கேட்டரேட் ஒரு சொட்டு வெள்ளைத் துணில விழுந்தா போகவே போகாது. தரையில உக்காரவும் விடமாட்டாங்க.

ப்ளூம்னா ஷாகோ மேல சொருகற இறகு. அத ஆரம்பத்துலயே குத்தி விட்டுட்டா பஸ் கூரைல இடிச்சு, வேர்வை பட்டு, நாசமாயிடும், அதனால ஃபீல்டுக்குள்ள போறதுக்கு சில நிமிஷம் முன்னாடி, பசங்க வரிசையா நிக்கும் போதுதான் குத்துவாங்க. ப்ளூம் டீம் சுத்தமான கிளவுஸ் போட்டுக்கிட்டு, இறக தொடாம அடிக்குச்சிய மட்டும் பிடிச்சு, ஷாகோல இருக்கற சாக்கெட்ல நேரா இறக்கி, ஒரு தடவை லேசா அசைச்சு பாத்து, இறக மேல்பக்கமா ஒரு தடவை நீவி விட்டுட்டு அடுத்த பிள்ளைக்கு போகணும். இந்த நேரத்துல பசங்க யாரும் பேச மாட்டாங்க, மனசுக்குள்ள ஷோவ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க, நாமளும் பேசக்கூடாது. "ஆல் தி பெஸ்ட் கண்ணா" எல்லாம் காலைலயே சொல்லி முடிச்சிருங்க.

படி 6: பிட் க்ரூ, ப்ராப் க்ரூ

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஃபீல்டுக்கு முன்பக்கம் ஓரமா நின்னு வாசிக்கற பசங்களத்தான் ஃப்ரண்ட் என்செம்பிள், இல்லன்னா பிட்டுன்னு சொல்றது. மரிம்பா, வைப்ரஃபோன், சைலஃபோன், சிந்தசைசர், கான்சர்ட் பேஸ் ட்ரம், ஸ்பீக்கர், மிக்சர், எல்லாத்துக்கும் சக்கரம் இருக்கும். ஆனா சக்கரம் இருக்குன்னு கண்டபடி தள்ளக்கூடாது. மரிம்பாவுக்கு அடில தொங்கற உலோக குழாய் ரெசனேட்டர், அதுல கை வெச்சு தள்ளவே கூடாது, நெளிஞ்சுடும். மேல இருக்கற கட்டைகள்லயும் கை படக்கூடாது, அது நூல்ல கோத்தது. தள்ள வேண்டிய இடம் சுத்தி இருக்கற ஃப்ரேம் மட்டும்தான். ரோஸ்வுட் கட்டையா இருந்தா மழை தூறல் பட்டா கூட கெட்டுப் போகும், அதனாலதான் வெளிய எடுத்துட்டு வர்றது பெரும்பாலும் சிந்தெடிக் கட்டை, இருந்தாலும் மழை வாசனை வந்தா முதல்ல எலக்ட்ரானிக்ஸ், அப்புறம் மரிம்பான்னு தார்பாலின் போட்டு மூடிடுங்க.

ரொம்ப ஆபத்தான இடம் ஓடுதளமும் டர்ஃபும் (செயற்கைப் புல்தரை) சேர்ற இடம். அங்க சின்னதா ஒரு மேடு இருக்கும், இல்லன்னா தண்ணி போற கம்பி மூடி இருக்கும், பல ஸ்டேடியத்துல கேபிள் மேல ரப்பர் பட்டை போட்டிருப்பாங்க. ஓடி வந்த வேகத்துல முன் சக்கரம் அதுல மாட்டினா மொத்த மரிம்பாவும் முன்பக்கமா கவுந்துடும். அந்த மேட்டுக்கு ரெண்டு அடி முன்னாடியே வேகத்த குறைச்சு, முன்னாடி ரெண்டு பேரு ஃப்ரேம பிடிச்சு ஒரு கை உயரம் தூக்கி, முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கினதுக்கு அப்புறம் பின்பக்கத்த தூக்கணும். யாரு "தூக்கு"ன்னு சொல்றதுன்னு முன்னாடியே ஒருத்தர முடிவு பண்ணிக்கோங்க, நாலு பேரு நாலு திசைல கத்தினா வேலைக்கு ஆகாது. அப்படியே தள்ளறது பசங்களா பெரியவங்களான்னும் கேட்டுக்கோங்க, பல ஸ்கூல்ல பிட் பசங்களே அவங்கவங்க வாத்தியத்த தள்ளுவாங்க, நாம ஓரத்துல கை குடுக்க மட்டும்தான்.

ஸ்டேடியத்துல ட்ரக்குல இருந்து இறக்கற வரிசைக்கும் காரணம் இருக்கு. ஃபீல்டுக்குள்ள யாரு முதல்ல போகணுமோ அதே வரிசைல கேட்ல நிக்கணும், அதனால வீட்ல பெட்டி அடுக்கற மாதிரி இடம் கிடைக்கற இடத்துல சொருகக்கூடாது, லோடிங் மேப்புன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதுபடிதான். அந்த மேப்ப போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ராத்திரி திரும்ப ஏத்தும் போது எல்லாரும் களைச்சு போய் இருப்பாங்க, அப்ப உதவும்.

ப்ராப்புன்னா ஷோவோட கதைக்கு ஏத்த மாதிரி செஞ்ச பெரிய தட்டி, மேடை, வளைவு, ஏணி. பி.ஓ.ஏ. மாதிரி போட்டில சக்கரத்தோட சேத்து 12 அடிக்கு மேல உயரம் இருக்கக்கூடாதுன்னு விதி. 12 அடி தட்டிங்கறது காத்து அடிச்சா பாய்மரம்தான். வெளி ஸ்டேடியத்துல தட்டிய எப்பவும் காத்துக்கு குறுக்க இல்லாம ஒல்லி பக்கம் காத்துக்கு எதிரா இருக்கற மாதிரி கொண்டு போங்க, நிறுத்தின உடனே சக்கரத்துல பிரேக் போட்டு, எடைக்கு மணல் மூட்டையோ தண்ணி கேனோ வெச்சுட்டுத்தான் கைய எடுக்கணும். ரெண்டு பேரு பிடிக்க வேண்டியத ஒருத்தர் பிடிக்க வேண்டாம். காத்து பலமா இருந்தா ப்ராப் இல்லாம ஷோ பண்ணிக்கலாம்னு டைரக்டர் முடிவு பண்ணுவார், அப்ப "இவ்வளவு செலவு பண்ணி செஞ்சோமே"ன்னு யாரும் வாய தொறக்க வேண்டாம், விழுந்தா பிள்ளைங்க மேலதான் விழும்.

எந்த ப்ராப் எங்க நிக்கணும்ங்கறது கஜக்கோட்டு கணக்குல இருக்கும். ஃபீல்டுல 5 கஜத்துக்கு ஒரு கோடு, நடுவுல 50. பாக்கறவங்க பக்கத்துல இருந்து பாத்தா 50-க்கு இடது பக்கம் சைடு 1, வலது பக்கம் சைடு 2. உங்க கைல ஒரு சீட்டு குடுப்பாங்க, "சைடு 1, 40-ம் கோடு, முன் ஹாஷ்"னு. ஹாஷ்னா ஃபீல்டோட அகலத்த மூணா பிரிக்கற புள்ளிக்கோடு. அந்த இடத்துல ப்ராப்போட எந்த மூலை கோட்டுல நிக்கணும்னு கேட்டு வெச்சுக்கோங்க, ஏன்னா பசங்களோட அடி எல்லாம் கணக்கு பண்ணி வெச்சது, ப்ராப் ஒரு அடி தள்ளி நின்னா ட்ராம்போன் வரிசை நேரா அதுல வந்து மோதும். பின்பக்கமா நடந்து வர்ற பிள்ளைக்கு அது கண்ணுலயே படாது.

கரண்ட் விஷயம்: சிந்தசைசரும் மைக்கும் ஓடறது பேட்டரியிலயோ ஜெனரேட்டர்லயோதான் பெரும்பாலும். அதுக்குன்னு ஒருத்தர் இருப்பார், அவர் மட்டும்தான் ஆன் பண்ணணும். மிக்சர்ல இருக்கற ஒரு பட்டன கூட நாம நகத்தக்கூடாது.

வெச்சு முடிச்ச உடனே ஓடி ஓரத்துக்கு வந்து, போட்டிக்காரங்க காட்டற இடத்துல குனிஞ்சு உக்காந்துடுங்க. ஷோ முடிஞ்சு கடைசி சத்தம் நின்ன உடனே கைதட்டிக்கிட்டு நிக்கறதுக்கு நமக்கு நேரம் இல்ல, அடுத்த பேண்ட் கேட்ல நிக்குது, ஃபீல்டு காலி ஆக தாமதமானா பெனால்டி விழும். வெளிய போற கேட் பெரும்பாலும் உள்ள வந்த கேட் இல்ல, அத காலைலயே நடந்து பாத்து வெச்சுக்கோங்க.

படி 7: மேல உக்காந்து பாக்கறவங்க

வேலை முடிஞ்சு ஸ்டாண்டுல போய் உக்காந்தா, ஒரு பேண்ட் ஷோ நடக்கும் போது எந்திரிச்சு நடக்காதீங்க, எந்த ஸ்கூலா இருந்தாலும். பெரிய சத்தம் வர்ற இடத்துல கத்தலாம், கைதட்டலாம், பசங்களுக்கு அது வேணும். தனியா ஒரு பிள்ளை சோலோ வாசிக்கும் போது மட்டும் அமைதி. வீடியோ எடுக்கறதுக்கு பல போட்டில தடை, பாட்டு உரிமை விஷயம், அதனால போன கீழ வெச்சுட்டு கண்ணால பாருங்க. மத்த ஸ்கூல குறை சொல்லி பேசாதீங்க, முன் வரிசைல உக்காந்திருக்கறது அந்த பிள்ளையோட பாட்டியா இருக்கும்.

படி 8: சாப்பாடு, இதுல நம்மாளுங்க பங்கு ரொம்ப பெருசு

இருநூறு பேருக்கு சாப்பாடு வாங்கறவங்க சிக்கன் சாண்ட்விச், பெப்பரோனி பீட்சான்னு எளிசா வாங்கிடுவாங்க. வெஜ் சாப்பிடற பசங்களுக்கு என்ன இருக்கும்னா சீஸ் பீட்சா ஒரு துண்டு, சிப்ஸ் ஒரு பாக்கெட். அத சாப்பிட்டுட்டு வெயில்ல ட்யூபா தூக்கணும். இத யாரும் வேணும்னு பண்றதில்ல, சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான். நீங்க சாப்பாடு டீம்ல இருந்தா ஆகஸ்ட்லயே ஒரு ஃபார்ம் ஓட்டுங்க: வெஜ்ஜா, முட்டை சாப்பிடுவாங்களா, மாடு பன்னி வேண்டாமா, ஹலாலா, அலர்ஜி என்ன. அந்த லிஸ்ட் படி பெட்டி மேல பேரு எழுதி தனியா வெச்சு, வெஜ் பெட்டிகளுக்கு தனி மேஜை போட்டு, ஒரு ஆள் நிக்க வெக்கணும். இல்லன்னா வெஜ் பெட்டி பாக்க நல்லா இருக்கேன்னு மத்த பசங்க எடுத்துட்டு போயிடுவாங்க, வரிசைல கடைசில வர்ற பிள்ளைக்கு ஒண்ணும் மிஞ்சாது. வெஜ்ல வயிறு நிறையணும்னா பீன் பரிட்டோ, ஹம்மஸ் ராப், பாஸ்தா இதெல்லாம் கடைல ஈசியா மொத்தமா கிடைக்கும்.

வீட்ல இருந்து லெமன் சாதம் செஞ்சு எடுத்துட்டு வரலாமான்னு ஆசையா இருக்கும். எல்லா பசங்களுக்கும் குடுக்கறதுக்கு பெரும்பாலான ஸ்கூல் ஒத்துக்காது, வேர்க்கடலை, முந்திரி, கடுகு, எள்ளுன்னு அலர்ஜி பயம். உங்க பிள்ளைக்கு மட்டும் டப்பால குடுத்து விடுங்க, அதுவும் நட்ஸ் இல்லாம.

வெயில் பத்தி ஒண்ணு. செப்டம்பர்ல இங்க வெயில் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம், அந்த கனத்த யூனிஃபார்ம்ல உள்ள சூடு அதவிட மோசம். தண்ணிய தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடுக்கணும், காலைல பஸ்லயே ஆரம்பிக்கணும். ஒரு பிள்ளை தள்ளாடுது, கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்லுது, குழப்பமா பாக்குதுன்னா அது வெறும் களைப்பு இல்ல. உடனே டைரக்டருக்கோ ட்ரெயினருக்கோ சத்தம் குடுத்து, 911 கூப்பிடச் சொல்லி, நிழலுக்கு கொண்டு போய், ஷாகோ, ஜாக்கெட் எல்லாம் கழட்டி, ஐஸும் குளிர்ந்த தண்ணியும் வெச்சு உடம்ப குளிர வெக்கணும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கக்கூடாது. யூனிஃபார்ம் நனையுமேன்னு ஒரு நொடி கூட யோசிக்காதீங்க.

படி 9: ரிசல்ட், ராத்திரி

பி.ஓ.ஏ.ல 100-க்கு மார்க். யூ.ஐ.எல். ஏரியால ஒவ்வொரு ஜட்ஜும் குடுத்த ரேங்க கூட்டி, யாருக்கு கூட்டுத்தொகை கம்மியோ அவங்கதான் மேல, அதனால சின்ன நம்பர பாத்து பதறாதீங்க. ரிசல்ட் எப்படி இருந்தாலும் பஸ்ல அத பத்தி நாம ஆரம்பிக்கக்கூடாது. ஃபைனல்ஸ் போகலன்னா சில பசங்க அழும், கடைசி வருஷ பசங்க ரொம்ப அழும். டிஷ்யூ குடுங்க, தண்ணி குடுங்க, "ஜட்ஜ் சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, திங்கக்கிழமை டைரக்டர் அந்த ஜட்ஜோட கமெண்ட் டேப்ப போட்டுத்தான் சொல்லிக் குடுக்கப் போறார்.

திரும்பி வர்றதுக்கு நடுராத்திரி தாண்டிடும். ஸ்கூல் வந்ததுக்கு அப்புறமும் வேலை இருக்கு: ட்ரக் இறக்கணும், யூனிஃபார்ம நம்பர் படி ஹேங்கர்ல மாட்டணும், ஈரமா இருந்தா பைய தொறந்தே விடணும் (மூடி வெச்சா பூஞ்சை பிடிச்சுடும்), ப்ளூம பெட்டில வெக்கணும், பஸ் சீட்டுக்கு அடில டார்ச் அடிச்சு பாக்கணும், போன், கிளவுஸ், மவுத்பீஸ் கண்டிப்பா கிடக்கும். கடைசி பிள்ளைய கூட்டிட்டு போக ஆள் வர்ற வரைக்கும் சாப்பரோன் போகக்கூடாது. அம்மா அப்பாவுக்கு போன் பண்ண சொல்றத பஸ் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே பசங்ககிட்ட சொல்லிடுங்க, அது எல்லாருக்கும் தூக்கத்த மிச்சப்படுத்தும்.

உங்க ஸ்கூலே போட்டி நடத்தினா

அப்ப வேலை வேற மாதிரி. பார்க்கிங், டிக்கெட், கன்செஷன்னு சொல்ற தின்பண்டக் கடை, ஜட்ஜுங்களுக்கு சாப்பாடு, அப்புறம் பேண்ட் கைடு. பேண்ட் கைடுன்னா வெளியூர் பேண்ட் ஒண்ண பஸ் நிறுத்தற இடத்துல இருந்து வார்ம்-அப், கேட்னு நேரத்துக்கு கூட்டிட்டு போறவர். கூச்ச சுபாவம் உள்ளவங்களுக்கு கூட இது நல்ல வேலை, ஏன்னா பேச வேண்டியது நாலு வரிதான், ஆனா வழி தெரிஞ்சிருக்கணும், முந்தின நாள் ஒரு தடவை நடந்து பாத்துடுங்க. பூஸ்டர் கிளப்புக்கு வருஷத்துல பெரிய வருமானம் பல ஸ்கூல்ல இந்த ஒரு நாள்தான், அந்த காசுலதான் ட்ரக் வாடகை, ப்ராப், ஃபீஸ் கட்ட முடியாத பசங்களுக்கு உதவி எல்லாம்.

மணிக்கணக்க எழுதி வைங்க

ஐ.டி. கம்பெனில இருக்கவங்க இத கவனிங்க. பல பெரிய கம்பெனிங்க, ஊழியர் லாப நோக்கமில்லாத அமைப்புக்கு வாலண்டியர் பண்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த அமைப்புக்கு காசு குடுப்பாங்க. பூஸ்டர் கிளப் 501(சி)(3) (வரிவிலக்கு உள்ள லாப நோக்கமில்லாத அமைப்பு) பதிவு உள்ளதான்னு ட்ரெஷரர்கிட்ட கேட்டு, வரி அடையாள எண் வாங்கி, உங்க கம்பெனி போர்ட்டல்ல மணிக்கணக்க போட்டுடுங்க. போட்டி நாளைக்கு மட்டும் இல்ல, ப்ராப் கட்டின நேரமும் யூனிஃபார்ம் தைச்ச நேரமும் கணக்குதான். சொந்த வண்டில ஓட்டின தூரத்துக்கு ஐ.ஆர்.எஸ். கணக்குல மைலுக்கு 14 சென்ட் தர்ம செலவா காட்டலாம், ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு (வரிக் கழிவ ஒவ்வொண்ணா பட்டியல் போட்டு காட்டறவங்களுக்கு). தேதி, எங்க போனீங்க, எத்தன மைல்னு போன்லயே நோட் போட்டு வெச்சுக்கோங்க. கம்பெனி போர்ட்டல் பல இடத்துல காலண்டர் வருஷத்தோட மூடிடும், அதனால நவம்பர்ல சீசன் முடிஞ்ச கையோட போட்டுடுங்க, ஜனவரில ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல.